கீழே நாலடியை விட்டுவிடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சுவர் ஓவியம், சிலை, தெருநாடகம் என்று ஊர்ப் பொதுவில் நிற்கிற கலையைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்குக் காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் பதில் எழுதுகிறார். பள்ளி வேலைக்கு வருவதற்கு முன் சுவர் விளம்பரமும் கடைப் பலகையும் எழுதிப் பிழைத்தவர்.

எங்கள் ஊர் நடுவில் பால் சொசைட்டிக் கட்டடமும் அதை ஒட்டி ஒரு நிழற்குடையும் இருக்கின்றன. சென்னை கண்ணகி நகர் மாதிரி சுவரெல்லாம் படம் வரைந்து ஊரையே மாற்ற வேண்டும் என்பது எங்கள் மன்றத்தின் ஆசை. என்ன படம் வரையலாம்?
– இளைஞர் மன்றச் செயலாளர், பாலக்கோடு வட்டம்

என்ன படம் என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. முதலில் அந்தச் சுவரில் யார் முதுகு சாய்கிறது என்று பாருங்கள்.

நிஜமான முதுகைத்தான் சொல்கிறேன். பால் சொசைட்டிச் சுவர் என்றால் காலையும் சாயங்காலமும் கேனைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் சாய்கிற சுவர். தலையில் தேய்த்த எண்ணெய் அதில் இறங்கும். கொஞ்ச நாளில் உட்கார்ந்தவர் தலை உயரத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழுந்துவிடும். அதற்குக் கீழே சைக்கிள் ஹேண்டில் கீறல். இன்னும் கீழே, மழைக்குத் தெறித்த செம்மண். ஓரத்தில் வெற்றிலை எச்சில், அது யாருடையது என்று ஊருக்கே தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் தரையிலிருந்தே அப்துல் கலாம் படத்தை ஆரம்பித்தால் அடுத்த பொங்கலுக்குள் அவர் கழுத்து வரை கறுத்துவிடும்.

அதனால் கீழே நாலடியை விட்டுவிடுங்கள். அந்தப் பகுதிக்குக் காவியோ செங்கல் நிறமோ கரும்பச்சையோ ஒரே நிறமாக, துடைத்தால் அழுக்குப் போகிற பெயிண்டாக அடியுங்கள். படம் அதற்கு மேலே. சுவர் எழுதின பழைய ஆட்கள் இதை யாரும் சொல்லாமலே செய்வார்கள். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்களும் கை எட்டும் உயரத்தோடு நின்றுவிடுவதால், மேலே இருக்கிற படம் பிழைத்துக்கொள்ளும்.

இனி அங்கே முதுகு சாய்க்க வராதவர்களைப் பாருங்கள். நிழற்குடை பெஞ்சில் யார் உட்காருகிறார்கள்? சீட்டு ஆடுகிறவர்களும் பெரியவர்களும் இருப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்? பல ஊர்களில் அவர்கள் நிழற்குடைக்குள் வருவதே இல்லை. பத்தடி தள்ளிப் புளிய மரத்தடியில் நிற்பார்கள். உங்கள் ஊரிலும் அப்படியென்றால், சுவரில் பறக்கிற பெண்ணை வரைவதைவிடப் புளிய மரத்தடியில் இன்னொரு கல் பெஞ்சு போடுவது நல்ல வேலை. அதையும் நான் கலைக் கணக்கில்தான் எழுதுவேன்.

கண்ணகி நகரைப் பற்றி ஒன்று. அது சென்னையின் ஆற்றோரங்களிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்களின் ஊர். அந்த முகவரியைச் சொன்னால் வேலை தர மாட்டேன் என்கிறார்கள் என்று அங்கிருப்பவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020இல் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு, பெயிண்ட் கம்பெனி, மாநகராட்சி மூன்றும் சேர்ந்து அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் பெரிய பெரிய முகங்களை வரைந்தன. கெட்ட பேர்தான் அவர்களுடைய வியாதி, அதற்கு அந்த மருந்து ஓரளவு வேலை செய்திருக்கும். தண்ணீருக்கும் வேலைக்கும் பெயிண்டில் மருந்து கிடையாது. உங்கள் ஊருக்கு என்ன வியாதி? அது தெரியாமல் அதே மருந்தை வாங்கி அடிக்காதீர்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது? கூட்டம் போடாதீர்கள். கூட்டத்தில் எப்போதும் பேசுகிற நாலு பேர்தான் பேசுவார்கள். பால் ஊற்றுகிற நேரத்தில் போய் நில்லுங்கள். “இங்கே என்ன படம் வரையலாம்?” என்று கேட்டால் திருவள்ளுவர், மரம் வளர்ப்போம், தலைக்கவசம் என்று பாடப்புத்தகம் வரும். “இந்த இடத்துல முன்ன என்ன இருந்துச்சு?” என்று கேளுங்கள். சாவடி இருந்தது, கிணறு இருந்தது, இன்ன வருஷத்துப் பஞ்சத்தில் இங்கே கஞ்சித்தொட்டி வைத்தார்கள் என்று ஆரம்பிப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் அதை மறுப்பார். அந்தச் சண்டையிலிருந்து உங்களுக்குப் படம் கிடைக்கும்.

அப்புறம், சொசைட்டியிடமும் பஞ்சாயத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959லேயே சட்டம் வந்தாயிற்று. கட்சிச் சுவரெழுத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை என்பது நம் அனுபவம், ஆனால் இளைஞர் மன்றத்துக்குப் பொருந்தும்.

பொதுவிடக் கலை, சமூகக் கலை என்று இப்போது பேசுவதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. நம்முடையது வறண்ட பூமி. இங்கே இது தேவையா?
– ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், ஊத்தங்கரை

ஐயா, உங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ஒரு வேடியப்பன் கோயில் வரும். உள்ளே சாமி யாரென்று எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பலகைக் கல், அதில் வில்லோடு அல்லது வாளோடு ஒருத்தன். காலடியில் மாடு இருக்கலாம். சில கல்லில் பக்கத்தில் ஒரு கெண்டியும் சிமிழும் இருக்கும். மாட்டுக்காகச் சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊரார் எடுத்த நடுகல் அது. ஆயிரம் வருஷத்துக்கு மேலே ஆன கற்களும் அவற்றில் உண்டு. எண்ணெய் ஊற்றி, மஞ்சள் பூசி, பொங்கல் வைத்து இன்றைக்கும் புழக்கத்தில் வைத்திருக்கிறோம். தர்மபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிற கற்களைப் பார்த்துவிட்டு, அப்புறம் ஒரு வேடியப்பன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். எது உயிரோடு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

உங்களுக்குப் பக்கத்து மாவட்டம் திருவண்ணாமலை. அங்கே எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. செத்த வீரன் பேரோடு அவன் நாயின் பேரும் அதில் வெட்டியிருக்கிறது: கோவிவன். கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதாம். நாய்க்கும் சேர்த்துக் கல் எடுத்த நாட்டுக்காரர்கள் நாம். மேல்நாட்டுச் சரக்கு என்று சொன்னால் கோவிவன் நம்மைக் கடிக்க வரும்.

தொல்காப்பியம் நடுகல் எடுப்பதற்கு ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்துக்கொண்டு வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், உளி வேலைக்குத் தனியாக ஒரு படி கிடையாது. சிற்பி வந்தார், செதுக்கினார், போனார். ஊர் செய்ததைத்தான் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். இப்போது நடக்கிற சுவர் ஓவியத் திட்டங்களில் சிற்பி மட்டும் இருக்கிறார், மற்ற ஆறும் காணோம். என் மனத்தாங்கலெல்லாம் அதுதான்.

பாரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி நாடகம். கடைசி நாள் காலையில் படுகளம். முந்தின நாளே மண் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஐம்பது அறுபது அடிக்குக்கூட துரியோதனனை மல்லாத்திப் படுக்க வைப்பார்கள். ஒரு ஆள் தண்ணீர் ஊற்ற, ஒரு ஆள் குழைக்க, மண்வெட்டியின் பின்பக்கத்தாலேயே நெஞ்சைத் தட்டி வழவழப்பாக்குவார்கள். மூக்கு மட்டும் எப்போதும் தகராறு. மெல்லிசாக வைத்தால் வெயிலில் வெடிக்கும், தடிப்பாக வைத்தால் பெரியவர்கள் சிரிப்பார்கள். சுண்ணாம்பில் கண், கரியில் மீசை, கலர்ப் பொடியில் கிரீடம். தொடையில் குங்குமம் கரைத்த பானையைப் புதைத்து வைப்பார்கள், பீமன் அடித்ததும் ரத்தம் வருவதற்கு. பீமன் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள். கூட்டம் உள்ளே புகுந்து அந்த மண்ணை ஆளுக்கு ஒரு பிடி அள்ளிக்கொண்டு போகும், வீட்டில் வைக்க, நெல்லில் போட. சாயங்காலம் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. இத்தனை பெரிய சிற்பத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் யாரும் கிடையாது. செலவு முழுக்கத் தலைக்கட்டு வரி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் வாங்குவது.

சரி, பெருமையோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். அந்தத் தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்குவதில்லை? வரி கேட்கப்படாத தெரு என்று ஒன்று இருக்குமானால், அந்தத் தெருவுக்குப் படுகளத்தில் இடமில்லை என்று அர்த்தம். வரி வாங்காததை ஊரார் சலுகை மாதிரிச் சொல்வார்கள், சலுகை இல்லை அது. 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலையே சீல் வைக்க வேண்டியதாயிற்று, தலித் மக்கள் உள்ளே வரலாமா என்ற தகராறில். நம் பழைய கலைகளை எடுத்துச் செய்கிறவர்கள் வரி நோட்டை முதலில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

தினமும் காலையில் நான் போடும் கோலம் கலையா என்று கேட்டால், “அது வழக்கம்” என்கிறார் வீட்டுக்காரர். நீங்கள் சொல்லுங்கள்.
– இல்லத்தரசி, அரூர்

மார்கழியில் ஒரு வாரம் அவரையே போடச் சொல்லுங்கள், பனியில்.

நான் கிராமச் சுகாதாரச் செவிலியர். குழந்தைத் திருமணத்தைப் பற்றித் தெருநாடகம் போடச் சொல்கிறார்கள். நாடகம் பார்த்து யாராவது மாறுவார்களா?
– பென்னாகரம் வட்டம்

மாறியிருக்கிறார்கள் அம்மா, அதுவும் உங்கள் மாவட்டத்திலேயே. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அதற்கு முன்னால் ஒன்றாக இருந்த தர்மபுரி மாவட்டத்துக்குப் பெண் சிசுக்கொலையால் கெட்ட பேர் இருந்தது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசாங்கத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் ஆரம்பித்தது. தர்மபுரியில் 1998இல் டென்மார்க் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ் ஒரு பெரிய கலைப்பயணம் விட்டார்கள். மாவட்டம் முழுக்கக் கிராமம் கிராமமாகக் குழுக்கள் போய் நாடகம் போட்டன. பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பிறகு இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளைப் பார்த்து, அந்த மரணங்கள் குறைந்ததைக் காட்டினார்கள்.

ஆனால் நாடகம் தனியாக அதைச் செய்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நாடகக்காரர்கள் அடுத்த ஊருக்குப் போன பிறகு, மறுநாள் காலையில் அதே வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவர் உங்களைப் போன்ற ஒரு செவிலியர். ராத்திரி மேளம் கேட்ட காதில் காலையில் பேச்சு விழுந்தது. உங்கள் நாடகத்துக்கும் அந்த மறுநாள் காலையைத் திட்டமிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பேனர் பிடித்து போட்டோ எடுத்ததோடு முடிந்துவிடும்.

நாடகத்துக்கு இரண்டு யோசனை. கெட்டவளாக ஒரு மாமியாரையோ பாட்டியையோ காட்டி மேடையில் திட்டாதீர்கள். பார்க்க வந்திருக்கிற பாட்டி எழுந்து போய்விடுவாள், முடிவெடுக்கிறவள் அவள்தான். பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்திக் கட்டிக் கொடுக்கிற அப்பனுக்கும் ஒரு பயம் இருக்கிறது. பஸ் இல்லாத ஊர், இருட்டினால் பெண் எப்படி வருவாள், ஊர் என்ன பேசும் என்று. அந்தப் பயத்தை மேடையிலேயே அவன் வாயால் முழுசாகச் சொல்ல விடுங்கள். பதில் கூட்டத்திலிருந்து வரட்டும். நம் கூத்தில் கட்டியங்காரன் இருப்பதே அதற்குத்தான், ராஜாவையும் கேட்பான், கூட்டத்தையும் கேட்பான்.

இரண்டாவது, காலம். தேர்வு முடிந்து லீவு விட்ட பிறகு போடுவதில் பயனில்லை, அதற்குள் கல்யாணப் பத்திரிகை அச்சடித்திருப்பார்கள். மாசியிலேயே போட்டுவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கடைசியில் மைக்கில் கத்துவதைவிட, பாட்டில் ஒரு அடியாக வைத்தால் பிள்ளைகள் மறுநாளிலிருந்து பாடிக்கொண்டு திரியும்.

நியூயார்க்கில் ஒரு கலைஞர் குப்பை அள்ளுகிறவர்களுக்குக் கை கொடுத்தார், அதுவே கலைப்படைப்பு என்று வகுப்பில் சொன்னார்கள். கை கொடுப்பது எப்படிக் கலையாகும்? நாங்களும் இங்கே செய்யலாமா?
– கல்லூரி மாணவி, தர்மபுரி

அவர் பெயர் மியர்லே லேடர்மன் யூகெலிஸ். 1977லிருந்து நியூயார்க் துப்புரவுத் துறையில் சம்பளம் வாங்காத கலைஞராக இருந்தவர். 1979 ஜூலையில் ஆரம்பித்து 1980 ஜூன் வரைக்கும் அந்த நகரத்தின் 8,500 துப்புரவுப் பணியாளர்களையும் நேரில் பார்த்துக் கை கொடுத்தார். ஒவ்வொருவரிடமும் “நியூயார்க்கை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி” என்றார்.

கை கொடுத்ததை மட்டும் பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயம். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த ஒரு வருஷத்தை. 8,500 பேரையும் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் ஷிஃப்டுக்கு எழுந்திருக்க வேண்டும், அவர்கள் லாரியோடு போக வேண்டும், யாரையும் விடக் கூடாது. அங்கே முக்கியமானவர்கள் என்று பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்துச் சால்வை போர்த்தியிருந்தால் யாரும் அதை இத்தனை வருஷம் கழித்துப் பேச மாட்டார்கள். நீங்கள் தர்மபுரியில் செய்வதானால் விடியற்காலை மஸ்டர் (வருகைப் பதிவு) எடுக்கிற இடத்தில் போய் நிற்க வேண்டும். நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் இருவரையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் பேர் பல சமயம் எந்தப் பட்டியலிலும் ஒழுங்காக இருக்காது. அந்தப் பேர்ப் பட்டியலை நீங்கள் முழுசாக எழுதி முடித்தாலே பெரிய வேலை. செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இந்த மாதிரி வேலையில் எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது சத்தீஸ்கரில் நடந்த ஒன்று. மும்பைக் கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் பஸ்தர் பகுதியில் கொண்டகாவ்ன் என்ற ஊரில் அங்குள்ள ஆதிவாசிக் கலைஞர்களோடு தங்கி வேலை செய்தார். அவர்கள் எடுத்துக்கொண்டது கைப்பம்பைச் சுற்றியுள்ள இடத்தை. தண்ணீர் பிடிக்க வருகிற பெண்கள் குனிந்து தரையிலிருந்து குடத்தைத் தூக்கித் தலைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. குடத்தை இடையில் இறக்கி வைக்க உயரமான திட்டு, சேறு தேங்காத தளம், சுற்றிலும் அவர்கள் கைவேலை உருவங்களோடு சுவர் என்று கட்டினார்கள். சிற்பம் என்றால் சிற்பம், குழாயடி என்றால் குழாயடி.

நம் மாவட்டத்தில் குழாயடி என்பது சின்ன விஷயம் கிடையாது. நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு ஏறி, பல்லில் மஞ்சள் கறையோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2013இல். இன்றும் பல ஊரில் ஒரே தெருவில் ஒகேனக்கல் தண்ணீர்க் குழாயும் இருக்கும், போர் தண்ணீர்க் குழாயும் இருக்கும். எது குடிக்க, எது துவைக்க என்று வெளியூரிலிருந்து வந்த மருமகளுக்கோ செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துக்கோ எப்படித் தெரியும்? பங்களாதேஷில் ஆர்செனிக் என்ற விஷம் கலந்த ஆழ்குழாய்களுக்குச் சிவப்பும் நல்ல குழாய்களுக்குப் பச்சையும் அடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற நிறம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து புழங்குகிற நம் பக்கத்துக்கு அது ரொம்பப் பொருத்தம். இடுப்பு உயரத்தில் குடம் வைக்க ஒரு திட்டும் போடுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைகளில் வெட்டி மிச்சமான ஓரத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன, கேட்டால் கொடுப்பார்கள். எந்த உயரம் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். குடம் தூக்குகிற நாலைந்து பேரை நிற்க வைத்துச் சுவரில் கரிக்கோடு போட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு நீளமான மதில் இருக்கிறது. அதில் கைகோத்து நிற்கிற மாதிரி ஒற்றுமை ஓவியம் வரையலாம் என்கிறது ஒரு தொண்டு நிறுவனம். செய்யலாமா?
– பெயரும் ஊரும் வேண்டாம்

வேண்டாம். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைத் தனியே பிரித்து அப்படி ஒரு சுவர் இருந்தது. 2008 மே மாதம் அதில் ஒரு பகுதியை இடித்து வழி விட்டார்கள். அங்கே மக்கள் கேட்டது பாதை. உங்கள் ஊர் மதிலில் அழகாக ஒரு படத்தை வரைந்துவிட்டால், நாளைக்கு அதில் வழி கேட்கிறவனைப் பார்த்துக் கலையை இடிக்க வந்தான் என்று சொல்வார்கள். அந்தப் பெயிண்ட் காசில் வட்டாட்சியர் அலுவலகம் போய், நில விவரம் இருக்கிற அ-பதிவேடும் நில அளவு காட்டுகிற புலப்படமும் நகல் வாங்குங்கள். மதில் நிற்பது பட்டாவிலா புறம்போக்கிலா என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் என்ன செய்வதென்று காலனிக்காரர்கள் சொல்லட்டும், தொண்டு நிறுவனம் சொல்ல வேண்டாம்.

எங்கள் கம்பெனி சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணத்தில் ரவுண்டானாவில் பிரம்மாண்டமாக ஒரு சிற்பம் வைக்க நினைக்கிறோம். ஸ்டீலில், நவீன பாணியில். செல்ஃபி பாயிண்டும் ஆகும்.
– மனிதவளத் துறை அதிகாரி, ஓசூர்

சார், பொதுச் சாலையில் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவு போட்டிருக்கிறது. உங்களுடையது சிலை இல்லை, சிற்பம் என்று வாதாடலாம். ஆனாலும் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டீல் என்றீர்கள். நியூயார்க்கில் ரிச்சர்ட் செர்ரா என்ற பெரிய சிற்பி 1981இல் ஒரு அரசு அலுவலக வளாகத்தின் நடுவில் 120 அடி நீளம், 12 அடி உயரத்துக்கு ஸ்டீல் சுவர் ஒன்றை நிறுத்தினார். உலகப் புகழ் பெற்ற கலைஞர், அரசாங்கமே பணம் கொடுத்தது. தினம் அந்த வழியாக வேலைக்குப் போனவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு, விசாரணை, வழக்கு என்று போய் 1989இல் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். செர்ரா பக்கமும் நியாயம் உண்டு, அந்தச் சிற்பத்தை அந்த இடத்துக்காகவே செய்தார். ஆனால் அங்கே நடக்கிறவர்களை யாரும் கேட்கவில்லை.

ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரத்தில் நிற்கிற பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் கேட்டிலிருந்தே பார்க்கலாம். அவர்களுக்கு ஒரு நிழல், வெளிச்சம், உட்கார இடம். அதை அழகாகச் செய்ய ஒரு நல்ல சிற்பியைக் கூப்பிடுங்கள். மிச்சப் பணம் இருந்தால், கம்பெனிச் சட்டத்தின் சி.எஸ்.ஆர். பட்டியலில் பாரம்பரியக் கலைக்கும் இடம் இருக்கிறது. கூத்துக்குக் கல்யாண முருங்கை மரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் செய்கிற கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. ஒரு கூத்து ஜமாவுக்குப் புது அணிகலன் செட்டு ஒன்று செய்து கொடுங்கள். செல்ஃபியும் எடுத்துக்கொள்ளலாம், துரியோதனன் வேஷத்தோடு.

பஞ்சாயத்துப் பள்ளிச் சுவரில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரையே வைத்துப் படம் எழுதப்போகிறோம். “ஊருக்குச் செய்கிற வேலைக்குக் காசா?” என்கிறார்கள் சிலர். அவருக்கு என்ன கொடுப்பது?
– பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், போச்சம்பள்ளி

கொத்தனாருக்குக் கொடுக்கிறீர்கள், மைக்செட்டுக்குக் கொடுக்கிறீர்கள், ஓவியருக்கு மட்டும் ஊர்ப்பாசம் என்றால் எப்படி? ஒரு காலத்தில் ஒரு கடைக்காரர் எனக்குப் பலகை எழுதின கூலிக்குப் பதிலாகப் பழைய காலண்டர் ஒரு கட்டுக் கொடுத்தார். அதில் இருந்த லட்சுமி படம் நன்றாகத்தான் இருந்தது, அரிசிக் கடையில் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

சதுர அடிக்குப் பேசுங்கள். பெயிண்ட், பிரஷ் யார் வாங்குவது, சாரம் கட்டுவது யார் பொறுப்பு என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். புதுப் பூச்சுச் சுவராக இருந்தால் குறைந்தது ஒரு மாதம் காய விடுங்கள். உப்புப் பூத்த சுவராக இருந்தால் ஓதம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து அதை அடைக்காமல் பிரைமர் அடிக்காதீர்கள், காசு உரிந்து விழும். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிரஷோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்குக் கடைசி ஒரு நாளும் சுவரில் ஒரு பகுதியும் ஒதுக்கி வையுங்கள். அவர்கள் அடித்ததை அப்புறம் ஓவியரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லக் கூடாது. பாதிக் கூலியை முன்பணமாகக் கொடுங்கள். மத்தியானச் சாப்பாடு உங்கள் கணக்கு.